சிறுமைப் பொருளில் வரும் ஆங்கில அடைச்சொற்கள்: தமிழ்வழி மொழிபெயர்ப்பில் சொல்தேர்வு

ஆய்வுச் சுருக்கம்

அளவின் சிறுமையைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் ஸ்மால், லிட்டில், டைனி, மைன்யூட், ஃபைன், ஷார்ட், மைனர் முதலிய அடைச்சொற்களை இருமொழி அகராதிகள் பெரும்பாலும் 'சிறிய' என்னும் ஒரே சொல்லால் விளக்குகின்றன. தமிழிலிருந்து ஆங்கிலத்திற்குப் பெயர்ப்போர் 'சிறு', 'குறு', 'நுண்' என்னும் அடைகளை எதிர்கொள்கையில் இவ்வகராதிகள் போதிய துணைசெய்வதில்லை. எதிர்ச்சொல்லைக் கொண்டு அடைச்சொல்லின் பொருளெல்லையை அறியும் முறையைச் சங்கப் பாடல்கள், கலைச்சொற்கள், ஆட்சிச்சொற்கள் ஆகிய மூன்று களங்களிலும் பொருத்திப் பார்க்கிறது இக்கட்டுரை.

திறவுச்சொற்கள்: சிறுமை, குறுமை, நுண்மை, பண்படை, எதிர்ச்சொல், மொழிபெயர்ப்பு, ஆட்சிச்சொல்

முன்னுரை

சிறுகதை ஆங்கிலத்தில் ஷார்ட் ஸ்டோரி ஆகிறது. சிறுகுடல் ஸ்மால் இன்டஸ்டைன் ஆகிறது. சிறுவிரல் எனப்படும் சுண்டுவிரல் லிட்டில் ஃபிங்கர் ஆகிறது. சிறுபான்மை மைனாரிட்டி, சிறுகோள் மைனர் பிளானட், சிறுதானியம் மில்லட், சிறுமூளை செரிபெல்லம். ஒரே அடை, பெயர்ப்பில் ஏறத்தாழ ஒவ்வோர் இடத்திலும் வேறு உருவம் கொள்கிறது. இவற்றுள் கடைசியாகக் கூறியது குறிப்பிடத்தக்கது. செரிபெல்லம் என்பது பெருமூளையைக் குறிக்கும் செரிப்ரம் என்னும் இலத்தீன் சொல்லின் சிறுமை வடிவம். 'சிறிய மூளை' என்பதே அதன் சொற்பொருள். ஆங்கிலத்தில் அடையாகத் தோன்றாத சிறுமை அங்கே விகுதியாக ஒளிந்திருக்கிறது. தமிழில் கலைச்சொல் படைத்தோர் அதனைக் கண்டறிந்து வெளியே கொணர்ந்து முன்னே நிறுத்தியுள்ளனர்.

இந்த எடுத்துக்காட்டுகளை ஆங்கிலம் நன்கறிந்த ஒருவர் மனப்பாடமாக அறிந்திருப்பார். அவை வழக்கில் உறைந்துவிட்ட தொடர்கள். இடர்ப்பாடு எழுவது உறையாத இடங்களில்தான். ஒரு பாடலில் வரும் சிற்றில், ஒரு விண்ணப்பத்தில் வரும் குறு விவசாயி, ஒரு செய்தியில் வரும் சிறுமி ஆகியவற்றைப் பெயர்க்கும்போது மொழிபெயர்ப்பாளரே தேர்ந்தாக வேண்டும். தேர்வு பிழைத்தால் நடை மட்டும் கெடுவதில்லை. சில இடங்களில் பொருளே மாறிவிடும், வேறு சில இடங்களில் ஒருவருக்குரிய உரிமையும் மாறிவிடும்.

ஒருபொருட் பன்மொழி என்னும் தோற்றம்

பல சொற்கள் ஒரே பண்பைக் குறிக்க வருதலைத் தமிழ் இலக்கணம் மிகப் பழங்காலத்திலேயே கவனித்திருக்கிறது. தொல்காப்பிய உரியியல் நுண்மை என்னும் பண்பினுள் நுணங்கு, நுழைவு, நொசிவு ஆகிய மூன்றையும் அடக்குகிறது. பெருமைப் பொருளில் தட, கய, நளி ஆகியவற்றைச் சேர்க்கிறது. இவற்றை நோக்குவோர், இம்மூன்றும் எவ்விடத்தும் ஒன்றன் இடத்தில் மற்றொன்று வரத்தக்கவை என்று கருதிவிடக் கூடாது. நுழைவு என்பதில் உட்புகும் இயல்பும், நொசிவு என்பதில் வளைந்து மெலியும் இயல்பும் ஒலிக்கின்றன. இலக்கணம் பண்பின் பொதுமையைக் காட்டுகிறது. வேறுபாட்டைக் காட்டுவது இலக்கிய வழக்கு.

நன்னூல் பதவியலில் பண்புப்பெயர்களைத் தொகுக்கும் 135ஆம் நூற்பா சிறுமையையும் நுண்மையையும் தனித்தனியே எண்ணுகிறது. அடுத்த நூற்பாவின் விதிப்படி சிறுமை என்பது ஈறு கெட்டும் நடு திரிந்தும் சிறு, சிற்று, சீறு என்றெல்லாம் நின்று சிறுகுடி, சிற்றூர், சீறியாழ் என்னும் தொகைகளைத் தருகிறது. ஆக, தமிழ் மரபிலேயே சிறுமை வேறு, நுண்மை வேறு. குறுமை மூன்றாவது. ஆங்கில அகராதியில் 'சிறிய' என்னும் ஒற்றைச் சொல்லின்கீழ் அனைத்தையும் குவிப்பது ஆங்கிலத்துக்கு இழைக்கும் பிழை மட்டுமன்று, தமிழுக்கும் இழைக்கும் பிழை.

எதிர்ச்சொல் கொண்டு அறிதல்

சிறுபாணாற்றுப்படைக்கு எதிராகப் பெரும்பாணாற்றுப்படை நிற்கிறது. குறுந்தொகைக்கு எதிராக நெடுந்தொகை நிற்கிறது. நுண்பொருளுக்கு எதிராகப் பருப்பொருள் நிற்கிறது. இம்மூன்று இணைகளும் மூன்று அடைகளின் எல்லையை வரையறுத்துவிடுகின்றன. சிறுமை பெருமைக்கு மறுதலை. அது பருமனளவு பற்றியது. குறுமை நெடுமைக்கு மறுதலை. அது நீளம் பற்றியது. நுண்மை பருமைக்கு மறுதலை. அது செறிவும் மென்மையும் பற்றியது. குறுந்தொகைப் பாடல்கள் 4 முதல் 8 அடி வரை அமைந்தவை. நெடுந்தொகை என்னும் அகநானூற்றுப் பாடல்கள் 13 முதல் 31 அடி வரை செல்வன. ஆகவே இங்கே குறுமை அடியளவின் குறுமை. தொகை குறியதன்று, அதில் ஏறத்தாழ 400 பாடல்கள் உள்ளன. குறுந்தொகை என்னும் பெயரைச் 'சிறிய தொகுப்பு' என்று பொருள்படப் பெயர்ப்போர், அடை எதைத் தழுவி நிற்கிறது என்பதை நோக்காதவராவர்.

இதே சோதனையை ஆங்கிலத்திற்கும் பொருத்தலாம். ஸ்மால் என்பதற்கு எதிர் லார்ஜ் அல்லது பிக். ஷார்ட் என்பதற்கு எதிர் நீளத்தில் லாங், உயரத்தில் டால். ஃபைன் என்பதற்கு எதிர் கோர்ஸ், அதாவது பரும்படியானது. மைனர் என்பதற்கு எதிர் மேஜர். லெஸ்ஸர் என்பதற்கு எதிர் கிரேட்டர். பறவைப் பெயர்களில் லெஸ்ஸர் ஃபிளமிங்கோ என்று ஒரு பூநாரைக்குப் பெயரிருந்தால் கிரேட்டர் ஃபிளமிங்கோ என்று மற்றொன்று இருப்பதை அப்பெயரே அறிவித்துவிடும். தமிழ் அடையின் எதிர்ச்சொல்லும் ஆங்கில அடையின் எதிர்ச்சொல்லும் ஒத்தால் பெயர்ப்பு பெரும்பாலும் பொருந்தும்.

சிறுகதை இச்சோதனைக்கு விலக்குப் போல் தோன்றும். அதன் எதிர் நெடுங்கதை. அவ்வாறாயின் அது குறுங்கதையாகவே இருந்திருக்க வேண்டும். ஆனால் வழக்கு சிறுகதையை ஏற்றுக்கொண்டது. குறு என்னும் அடை பின்னர்க் குறுநாவலுக்குச் சென்றது. விளைவாக, பெயரளவில் 'சிறிய' கதை 'குறுகிய' நாவலைவிட அளவில் குறைந்தது என்னும் நிலை உண்டாயிற்று. முதுகலை வகுப்பில் ஆங்கிலத் தாளில் 'ஸ்மால் ஸ்டோரி' என்று எழுதி மதிப்பெண் இழந்தவர்களுள் இக்கட்டுரையாளரும் ஒருவர். பிழை திருத்தப்பட்டது, காரணம் சொல்லப்படவில்லை.

ஸ்மாலும் லிட்டிலும்

எதிர்ச்சொல் சோதனை கைகொடுக்காத இணை ஒன்று உண்டு. அது ஸ்மால், லிட்டில் என்னும் இணை. இரண்டுக்கும் பிக் எதிராக வரும். இரண்டும் பழைய ஆங்கிலத்திலிருந்தே வருபவை. ஆயினும் ஆங்கிலம் பேசுவோர் அவற்றைக் கலப்பதில்லை.

ஸ்மால் என்பதன் பழைய ஆங்கில வடிவத்திற்கு 'ஒடுங்கியது, மெலிந்தது' என்பதே பொருள். அதன் உறவுச்சொல்லான ஜெர்மானிய ஷ்மால் இன்றும் 'ஒடுங்கிய' என்றே பொருள்படுகிறது. முதுகின் கீழ்ப்பகுதியில் உடல் ஒடுங்கும் இடத்தை ஆங்கிலத்தார் 'முதுகின் ஸ்மால்' என்பது அப்பழம்பொருளின் எச்சம். சிற்றிடை, நுண்ணிடை என்னும் நம் வருணனைகளுக்கு இன்று ஸ்லெண்டர் என்னும் சொல்லைத் தேடுகிறோம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் ஸ்மால் என்பதே போதுமானதாக இருந்திருக்கும்.

இன்றைய வழக்கில் ஸ்மால் அளவைச் சொல்லும் சொல். அது ஒப்பீட்டை ஏற்கும்: ஸ்மாலர், ஸ்மாலஸ்ட் என்பவை இயல்பாக வரும். பயனிலையாகவும் வரும்: வீடு சிறியது என்னும் வாக்கியத்தை ஸ்மால் கொண்டே முடிக்கலாம். லிட்டில் இவ்விரண்டிலும் தயங்கும். லிட்ட்லர், லிட்ட்லஸ்ட் என்பவை குழந்தைப் பேச்சில் அல்லாது அரிதாகவே வரும். அது பெரும்பாலும் பெயருக்கு முன்னரே நிற்கும். அதன் பழைய ஒப்பீட்டு வடிவங்களாகிய லெஸ், லீஸ்ட் ஆகியவை அளவைக் கைவிட்டுத் தொகையைக் குறிக்கப் போய்விட்டன. லிட்டில் தானும் தொகைப்பொருளில் வரும். அங்கே முன்னொட்டும் 'எ' என்னும் சுட்டு இருந்தால் 'சிறிதளவு உண்டு' என்று பொருள். இல்லாவிடில் 'ஏறத்தாழ இல்லை' என்று பொருள். தமிழில் 'கொஞ்சம் பணம் இருக்கிறது', 'கொஞ்சம்தான் இருக்கிறது' என ஏகாரமோ தேற்றமோ இடைச்சொல்லோ செய்யும் வேலையை அங்கே ஓரெழுத்துச் சொல் செய்கிறது.

இவை இலக்கண வேறுபாடுகள். இவற்றினும் ஆழமானது உணர்ச்சி வேறுபாடு. லிட்டில் என்பதைச் சொல்பவர் அளக்கவில்லை. தம் மனநிலையை வெளியிடுகிறார். அதனால்தான் அழகிய, இனிய, பாவப்பட்ட, அற்பமான என்னும் மதிப்பீட்டு அடைகளுக்குப் பின்னர் லிட்டில் தங்குதடையின்றி வருகிறது. அவ்விடத்தில் ஸ்மால் வந்தால் இடறுகிறது. ஆங்கிலத்தார் ஏழைச் சிறுவன்மேல் இரங்கும்போது புவர் லிட்டில் பாய் என்பர். புவர் ஸ்மால் பாய் என்னார். அதே லிட்டில் இகழ்ச்சிக்கும் வரும். அற்பப் பொய்யையும் அது தழுவும், அன்புக் குழந்தையையும் அது தழுவும். அன்பும் இகழ்ச்சியும் ஒரே சொல்லில் குடியிருப்பது நமக்கு வியப்பில்லை. சின்னஞ்சிறு கிளி என்பதில் உள்ள சின்னதும், சின்னப்புத்தி என்பதில் உள்ள சின்னதும் ஒன்றே. குட்டி என்பதும் அத்தகையது. தொல்காப்பிய மரபியல் எண்ணும் ஒன்பது இளமைப் பெயர்களுள் ஒன்றாகிய அது இன்று குட்டிக்கதை, குட்டித்தீவு, குட்டிப்பையன் என அடையாகிவிட்டது; லிட்டிலுக்கு அதனினும் நெருங்கிய தமிழ்ச்சொல் இல்லை எனலாம். குட்டிச்சுவர் மட்டும் எவ்வாற்றானும் பெயர்க்க வாராது.

தமிழர் ஆங்கிலத்தில் தம்பியை 'ஸ்மால் பிரதர்' என்பது இதன் மறுபக்கம். தம்பியின் உடலளவு பற்றி அங்கே பேச்சில்லை. முறையும் வயதும்தாம் பேச்சு. ஆங்கிலத்தில் அதற்கு லிட்டில், அல்லது யங்கர்.

இரு பாடல்கள்

மேற்கண்ட வேறுபாடு சங்கப் பாடல் பெயர்ப்பில் எவ்வாறு பயன்படும் என்பதற்கு இரண்டு இடங்களைக் காட்டலாம். இரண்டிலும் 'சிறு' என்னும் அடையே உள்ளது. பெயர்ப்பு மட்டும் வேறுபட வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

நற்றிணை 70ஆம் பாடல் வெள்ளிவீதியார் பாடியது. தலைவி, வெள்ளாங்குருகைச் 'சிறு' என்னும் அடையுடன் விளிக்கிறாள். அப்பறவை இவளது ஊரில் மீன் அருந்திவிட்டுத் தலைவனது ஊருக்குச் செல்வது. ஆயினும் இவள் படும் துன்பத்தை அவனிடம் சொல்வதில்லை. பறவையின் அளவு அவளுக்குப் பொருட்டன்று. கெஞ்சலும் குறைகூறலும் கலந்த குரல் அது. ஆங்கிலத்தில் விளியாக ஸ்மால் வந்தால் அது பறவை நூலிலிருந்து எடுத்த வருணனை போலாகிவிடும். லிட்டில் என்பதோ செல்லமாகவும் ஒலிக்கும், 'நீ இவ்வளவுதானா' என்னும் மெல்லிய இடித்துரையாகவும் ஒலிக்கும். அப்பாடலுக்கு இரண்டும் வேண்டும்.

புறநானூறு 86ஆம் பாடல் காவற்பெண்டு பாடியது. வீட்டின் தூணைப் பற்றி நின்று, உன் மகன் எங்கே என்று வினவுபவர்க்குத் தாய் விடையிறுக்கிறாள்: அவன் எங்கிருக்கிறான் என்று அறியேன், புலி தங்கிச் சென்ற கல்லளை போன்றது அவனை ஈன்ற வயிறு, அவனைப் போர்க்களத்தில் காணலாம். அங்கே வீடு சிற்றில் எனப்படுகிறது. இதனை முதலில் பெயர்த்தபோது இக்கட்டுரையாளர் லிட்டில் ஹவுஸ் என்றே எழுதினார். ஏழைத் தாய், எளிய குடில் என்னும் இரக்கம் அத்தேர்வுக்குக் காரணம். நெறியாளர் அச்சொல்லின்கீழ் ஒரு கோடிட்டு, 'அவள் இரங்குகிறாளா?' என்று மட்டும் குறித்திருந்தார்.

அவள் இரங்கவில்லை. பெருமிதத்தின் உச்சியில் நின்று பேசுகிறாள். வீடும் வயிறும் இரண்டும் உறைவிடங்கள். வீடு சிறிது; அதன் தூணைப் பற்றி நிற்பவர் அவனை அங்கே தேடுகிறார். வயிறோ புலி கிடந்த அளை. அதுவும் இப்போது வெறிதே. போர்க்களம் மட்டுமே அவனைக் கொள்ளும் இடம். ஆகவே இப்பாடலில் சிறுமை ஓர் அளவு. அடுத்து வரும் இடங்களின் பெருமைக்கு எதிரே வைக்கப்பட்ட அளவு. அதனை ஸ்மால் என்றே பெயர்க்க வேண்டும். லிட்டில் என்றால் படிப்பவர் அவள்பால் இரக்கம் கொள்வர். அவ்விரக்கம் பாடலில் இல்லாத ஒன்று.

பெண் மக்கள் மணலில் இழைத்து விளையாடும் சிற்றில் வேறு. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றில் சிதைத்தல் ஒரு பருவமாகவே அமைந்துள்ளது. அங்கே ஸ்மால் ஒருபோதும் பொருந்தாது. லிட்டில் பொருந்தும், மணல் வீடு என விரித்துரைப்பது இன்னும் பொருந்தும்.

டைனி, மைன்யூட், மினியேச்சர்

டைனி பற்றிச் சொல்ல அதிகமில்லை. அது சிறுமையை மிகுதிப்படுத்தும் சொல். வியப்பை உடன்கொண்டு வரும். அறிக்கையிலும் ஆய்வேட்டிலும் அதனைத் தவிர்ப்பது நன்று. சின்னஞ்சிறு, துளியூண்டு என்பவற்றுக்கு அது நேர்.

மைன்யூட் அவ்வாறன்று. உற்று நோக்கினாலன்றிக் காணவியலாத சிறுமையை அது குறிக்கும். வியப்பினும் ஆராய்ச்சியே அதில் மேலோங்கும். குறைத்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையின் எச்சத்திலிருந்து அது பிறந்தது. மணியைக் கூறிடும்போது கிடைக்கும் முதல் சிறுகூறு, இரண்டாம் சிறுகூறு என்னும் இலத்தீன் தொடர்களிலிருந்தே ஆங்கிலத்தின் மினிட், செகண்ட் என்னும் காலப்பெயர்கள் வந்தன. எழுத்தில் மினிட்டும் மைன்யூட்டும் ஒன்றே. ஒலியழுத்தம் இடம்மாறிப் பொருளைப் பிரிக்கிறது. ஒரு நிமிடத்தின் பெயருக்குள் 'நுண்ணியது' என்னும் பண்படை உறங்குகிறது என்பதை ஆங்கிலம் பேசுவோரே பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை.

மினியேச்சர் என்பதும் இக்குடும்பமே என்று தோன்றும், அன்று. ஈயச் செந்தூரத்திற்கு இலத்தீனில் மினியம் என்று பெயர். அச்செந்நிறத்தால் ஏட்டுச்சுவடிகளை அணிசெய்யும் தொழிலிலிருந்து இத்தாலிய மினியதுரா பிறந்தது. சுவடி ஓவியங்கள் சிறியவையாக இருந்தமையாலும், மைனர், மைன்யூட் என்னும் சொற்களின் ஒலியொப்புமையாலும் அது 'சிறுவடிவு' என்னும் பொருளை ஏற்றது. நிறப்பெயர் அளவுப்பெயரான கதை இது. ஆகவே மினியேச்சர் என்பதை எல்லாச் சிறுமைக்கும் பயன்படுத்தலாகாது. பெரிய மூலம் ஒன்று இருந்து, அதன் கூறுகள் அனைத்தும் குறைந்த அளவில் படியெடுக்கப்பட்டிருந்தால்தான் அது பொருந்தும். சொப்புச் சாமான்களுக்குப் பொருந்தும், கடுகுக்குப் பொருந்தாது.

நுண் என்னும் அடையின் பெயர்ப்பு

நுண்ணுயிர், நுண்ணோக்கி முதலிய அறிவியற் சொற்களில் நுண் என்பது மைக்ரோவுக்கு நிகராக வருகிறது. சிறுமையைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. 1878ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறுவை மருத்துவர் செதியோ மைக்ரோப் என்னும் சொல்லைப் படைத்தபோது சிற்றுயிர் என்பதே அதன் சொற்பொருளாயிற்று. தமிழில் அது சிற்றுயிர் ஆகாமல் நுண்ணுயிர் ஆனது நல்லூழ். எறும்பும் சிற்றுயிர்தான், கண்ணுக்குத் தெரியாமையை நுண்மையே உணர்த்தும். மூலத்தினும் பெயர்ப்பு கூர்மையாக அமைந்த இடங்களுள் இதுவும் ஒன்று.

நுண்கலை என்பது அவ்வாறு அமையவில்லை. ஃபைன் ஆர்ட்ஸ் என்பதில் உள்ள ஃபைன், பிரெஞ்சில் 'அழகிய கலைகள்' என வழங்கும் தொடருக்கு இணையாக நின்று மேன்மையையும் அழகையும் குறிப்பது. அச்சொல்லுக்கே மெல்லிய, நுண்ணிய என்னும் பொருளும் உண்டு. தமிழ் அதனைப் பற்றிக்கொண்டது. இன்று நுண்கலை நிலைபெற்றுவிட்டது. நுட்பமான கலை என்னும் புதுப்பொருளும் அதற்கு அமைந்துவிட்டது. அதனைக் குறைகூற இடமில்லை. எனினும் எதிர்த்திசையில் பெயர்க்கையில் விழிப்பு வேண்டும். நுண்மணலுக்கு ஃபைன், நுண்ணறிவுக்குச் சட்டில் அல்லது கீன். நுண்ணறிவை மைக்ரோ என்னும் அடையால் பெயர்த்தால் அறிவு மிகக் குறைவு என்று பொருளாகிவிடும். சட்டில் என்னும் சொல்லும் நுண்ணிதாக நெய்யப்பட்டது என்னும் இலத்தீன் கருத்திலிருந்தே வந்தது. நுணங்கு என்பதனோடு அது கைகோத்து நிற்கும்.

மக்களைக் குறிக்கும் சொற்கள்

உருவிற் சிறியாரை வருணிக்கையில் ஆங்கிலத்தில் பெட்டீட் பெண்டிர்க்கே வரும். ஆடைக்கடை அளவுப்பெயராகவும் அது வழங்குகிறது. டிமினியூட்டிவ் இருபாலார்க்கும் வரும். ஆனால் எழுத்துநடைக்கே உரியது, சற்றுத் தலைமேல் நின்று நோக்கும் தொனியும் அதில் உண்டு. குட்டையானவர் என்பதற்கு ஷார்ட் போதும். ஸ்காட்லாந்து வழக்கான வீ என்பதை அந்நாட்டு மாந்தர் பேச்சை எழுதும்போதன்றி எடுக்க வேண்டுவதில்லை.

பெட்டீட் என்பதன் உடன்பிறப்பு பெட்டி. முன்பு சிறியது என்னும் பொருளே கொண்டிருந்த அது இன்று அற்பமானது என்னும் பொருளில் நிலைத்துவிட்டது. தமிழ்நாட்டுக் காவல்நிலையங்களில் வழங்கும் 'பெட்டி கேஸ்' அதுவே. ஆனால் பெட்டிக்கடை அதுவன்று. பெட்டி போன்ற அமைப்பில் நடத்தும் கடை அது, தனித்தமிழ்ச் சொல். தென்னிந்திய ஆங்கிலச் செய்தித்தாள்களில் பெட்டிக்கடை 'பெட்டி ஷாப்' ஆனதற்கு இவ்வொலியொப்புமை துணைசெய்திருக்கலாம். தமிழறியா வாசகர் அதனை அற்பக் கடை என்றே கொள்வர். கடைக்காரரின் தொழிலை இழிவாக்கும் இப்பெயர்ப்பைக் கைவிட்டு ஸ்மால் என்னும் நடுநிலை அடையையோ கியாஸ்க் என்னும் பெயரையோ ஆள்வது தக்கது.

மைனர் என்பதற்கு இலத்தீனில் 'மேலும் சிறியது' என்று பொருள். சட்டத்தில் உரிய வயது நிரம்பாதவரைக் குறிக்கும் அச்சொல், தமிழ்நாட்டில் சொத்துள்ள வீட்டு இளைஞரின் ஆடம்பரத்தைக் குறிக்கும் சொல்லாகி மைனர் சங்கிலி வரை வந்தது தனிக்கதை. இங்கே கருதத்தக்கது சிறுமி என்னும் சொல். 2012ஆம் ஆண்டின் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம் 18 வயதுக்குட்பட்ட அனைவரையும் குழந்தையாகவே கருதுகிறது. ஆதலால் தமிழ்ச் செய்தித்தாள்கள் 17 வயதுப் பெண்ணையும் சிறுமி என்றே எழுதுகின்றன. அதனை லிட்டில் கேர்ள் என்று பெயர்த்தால் ஐந்து, ஆறு வயதுக் குழந்தை என்னும் தோற்றம் உண்டாகும். கேர்ள் என்று மட்டும் விட்டால் சட்டக்கூறு நழுவிவிடும். மைனர் என்பதே அங்கு வேண்டும். சிறுமை அங்கே உடலளவுமன்று, அன்புமன்று. சட்டம் வரைந்த ஓர் எல்லை.

குறு: ஆட்சிச்சொல்லின் இரு முகங்கள்

வானியலில் குறு என்னும் அடை நன்கு பயன்பட்டுள்ளது. 2006ஆம் ஆண்டில் புளூட்டோ கோள்நிலையிலிருந்து நீக்கப்பட்டு டுவார்ஃப் பிளானட் என வகைப்படுத்தப்பட்டபோது தமிழில் அது குறுங்கோள் ஆயிற்று. சிறுகோள் என்னும் பெயர் அதற்கு முன்னரே வேறொரு வகைக்குரியதாக இருந்தது. குறளன் என்னும் பழஞ்சொல்லைக் கருதினால், டுவார்ஃப் என்பதற்குக் குறுமையே உரியது.

ஆட்சித்துறையில் நிலைமை சிக்கலானது. 2006ஆம் ஆண்டின் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின் மைக்ரோ, ஸ்மால், மீடியம் என்னும் மூன்று படிகள் தமிழில் குறு, சிறு, நடுத்தரம் எனப்பட்டன. 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த வரையறைப்படி, முதலீடு 2.5 கோடி ரூபாய்க்கும் ஆண்டு விற்றுமுதல் 10 கோடி ரூபாய்க்கும் மேற்படாதது குறுநிறுவனம். முதலீடு 25 கோடிக்கும் விற்றுமுதல் 100 கோடிக்கும் மேற்படாதது சிறுநிறுவனம். இங்கே குறு என்பது சிறு என்பதற்கும் கீழான படி. நீளப்பொருள் முற்றிலும் மறைந்து, சிறுமையின் கடைநிலையாகக் குறு மாறிவிட்டது.

வேளாண்மையிலும் குறு, சிறு என்னும் படிகள் உள்ளன. ஒரு ஹெக்டேர் வரை, அதாவது ஏறத்தாழ 2.5 ஏக்கர் வரை நிலமுடையவர் குறு விவசாயி. அதற்கு மேல் இரண்டு ஹெக்டேர் வரை உடையவர் சிறு விவசாயி. ஆனால் அங்கே குறு என்பதன் ஆங்கிலம் மைக்ரோ அன்று, மார்ஜினல். ஒரே தமிழ் அடை, இரு துறைகளில் இரு வேறு ஆங்கிலச் சொற்களுக்கு நிற்கிறது.

களப்பணியின்போது உழவர் சிலரின் வாய்மொழியை ஓர் அமைப்புக்காக ஆங்கிலத்தில் பெயர்த்துத் தரும் பணி இக்கட்டுரையாளருக்கு வாய்த்தது. தொழில்துறை வழக்கை நினைவில் கொண்டு குறு விவசாயி என்பதை மைக்ரோ ஃபார்மர் என்று எழுதினார். சொல்லளவில் பிழையில்லை என்றே தோன்றியது. அறிக்கையைப் படித்தவர்கள் அதனை வீட்டு மாடியில் தோட்டம் வைப்போர் என்று பொருள்கொண்டனர். ஆங்கிலத்தில் அத்தொடருக்கு அவ்வாறு பொருள்படவும் இடமுண்டு. ஓர் ஏக்கர் மானாவாரி நிலத்தை நம்பி வாழும் குடும்பங்கள் அத்தாளில் பொழுதுபோக்குத் தோட்டக்காரர்களாகிவிட்டன. தமிழ்நாட்டில் சொட்டுநீர்ப் பாசனத்திற்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 விழுக்காடும் ஏனையோர்க்கு 75 விழுக்காடும் மானியம் வழங்கப்படுகிறது. வட்டாட்சியர் தரும் சான்றிதழே அதற்கு அடிப்படை. அச்சான்றிதழின் பெயரைப் பெயர்க்கும் ஒருவர் செய்யும் பிழை எங்கெங்கு சென்று முட்டும் என்பதைப் பின்னரே உணர முடிந்தது. திருத்தப்படி அனுப்பப்பட்டது, முதற்படியும் சிலர் கையில் இன்னும் இருக்கக்கூடும்.

மார்ஜினல் என்பது உண்மையில் சிறுமைச் சொல்லே அன்று. விளிம்பு என்னும் பொருளுடைய மார்ஜினிலிருந்து பிறந்தது. வருவாய் செலவைத் தொட்டும் தொடாமலும் நிற்கும் விளிம்பில் உழுபவர் என்னும் கருத்து அதனுள் இருக்கிறது. நிலத்தின் பரப்பைச் சொல்லும் குறு என்னும் அடையில் அந்நெருக்கடி இல்லை. அதே மார்ஜினல் சமூகவியலில் வரும்போது தமிழ் அதனை விளிம்புநிலை என்கிறது. விளிம்புநிலை மக்கள் என்னும் தொடரும் குறு விவசாயி என்னும் தொடரும் ஆங்கிலத்தில் ஒரே வேரில் நிற்கின்றன என்பது தமிழில் மட்டும் படிப்பவர்க்குத் தெரிய வழியில்லை. குறு விவசாயி என்னும் சொல்லை மைக்ரோ என்றோ ஸ்மால் என்றோ பெயர்த்துவிட்டால் ஆங்கிலத்தில் படிப்பவர்க்கும் தெரியாமற்போகும். சான்றிதழ்ப் பெயராகவோ திட்டப் பெயராகவோ அது வருமிடத்தில் மார்ஜினல் என்றே எழுதி, நிலப்பரப்பை எண்ணால் உடன்குறிப்பதே இப்போதைக்குப் பிழையற்ற வழி. உழவரின் வாய்மொழியில் வருமிடத்தில் இன்னொன்றும் கருதவேண்டியுள்ளது: அவர்கள் தம்மைக் குறு விவசாயி என்று சொல்லிக்கொள்வது மனுக்களில்தான். பேச்சில் அவர்கள் சொல்வது, 'ஒண்ணரை ஏக்கர்க்காரன்.'